பனாமாவில் இருப்பவருக்குப் பதக்கம்

ஓர் அரசாங்கம் ஒருவரைக் கௌரவிப்பது என்று முடிவு செய்துவிட்டால் அவர் தப்புவது கஷ்டம். எங்கள் தீவின் போலீசுக்கு ஒரு கோழித் திருடனைப் பிடிக்க எட்டு மாதம் ஆகும், பிடிக்காமலும் போகும். ஆனால் கௌரவிக்கப்பட வேண்டியவர் எங்கே ஒளிந்திருந்தாலும் அரசாங்கம் தேடிப்பிடித்து, கம்பளிக் கோட்டு மாட்டி, வெயிலில் நிறுத்தி, நெஞ்சில் பதக்கம் குத்தினால்தான் அதற்கு மனசு ஆறும்.

லண்டனில் புது மன்னருக்கு முடிசூட்டிய வருஷம் அது. அந்த சந்தோஷத்தில், நெடுங்காலம் பழுதின்றி உழைத்த கீழ்நிலை ஊழியர்களுக்கு மாவட்டத்துக்கு ஒருவர் வீதம் பதக்கம் என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் பார்சன்ஸ் பே ஊரில் அது யார் என்று யாரும் யோசிக்கவே இல்லை. தபால்காரர் கத்பர்ட் அலெய்ன்தான். முப்பது வருஷமாகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையிலிருந்து மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கரும்புத் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிட்டு, அதே வழியில் திரும்பி வருகிற மனுஷன். புயலில் பாதிரியார் வீட்டுக் கூரை பறந்துபோன மறுநாளும் வந்தார். கூரை யார் தோட்டத்தில் கிடக்கிறது என்ற தகவலையும் சேர்த்தே கொண்டுவந்தார்.

அவருடைய வலது முழங்கால் மட்டும் சில வருஷமாக ஒத்துழைக்க மறுத்துவந்தது. மலை ஏறும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டு, தபால் வருகிறது என்று நாய்கள் தெரிந்துகொண்டன. அந்தப் பதக்கம் ஓய்வு பெறுகிறவருக்குத்தான் உண்டு. பதக்கத்தோடு ஓய்வு, ஓய்வோடு பென்ஷன். அவர் மனைவி அயோனா ஊர்த் தண்ணீர்க்குழாயடியில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"பதக்கத்தை வேணும்னா கோழிக்கழுத்துல கட்டட்டும். எனக்கு அந்த முழங்கால் வீட்டுல உட்காரணும். இன்னொரு மழைக்காலம் அது மலை ஏறினா, ஆளைத் தூக்கிட்டுத்தான் வருவாங்க."

நான் அந்த ஊரின் தையல்காரன், பெயர் கிளாட்வின். இந்தக் கௌரவத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. விழாவுக்கு வருகிற ஆண்கள் கறுப்புக் கம்பளிக் கோட்டும் பெண்கள் முழங்கைவரை உறையும் அணியவேண்டும் என்று சுற்றறிக்கை. அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு தலைநகரத்துத் தபால் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் சீலி என் கடைக்கே வந்தார். சீலி பிறந்தது எங்களுக்கு அடுத்த ஊர். தீவைவிட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஆனால் லண்டன் பத்திரிகையை ஒரு மாதம் கழித்துப் படித்து, அதில் போட்டிருக்கும் வானிலைக்குத் தகுந்தபடி உடுத்துவார். அன்றைக்கு எங்கள் ஊரில் தார் உருகிக்கொண்டிருந்தது. அவர் கழுத்தில் கம்பளித் துண்டு.

"இந்தத் தடவை வசந்தகாலம் ரொம்பக் குளிர், டெய்லர்" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"ஆமாங்க, என் இஸ்திரிப்பெட்டிகூட நடுங்குது" என்றேன்.

சுற்றறிக்கை ஊருக்குள் பரவியதும் பார்சன்ஸ் பே முழுக்கக் கம்பளிக்காய்ச்சல் கண்டது. மீன் வெட்டுகிறவன், கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன், அவனைப் பிடிக்கவேண்டிய போலீஸ்காரன் எல்லோரும் அளவு கொடுத்தார்கள். கை உறை கிடைக்காத பெண்கள் காலுறையின் நுனியை வெட்டிக் கையில் மாட்டிப் பார்த்துக்கொண்டார்கள். நானும் துணியை மொத்தமாக வாங்கி வெட்டித் தள்ளினேன்.

கோட்டுக்காக கத்பர்ட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த நேரம், சீலி இன்னொரு தடவை வந்தார். அயோனாவும் அங்கேதான் நின்றாள்.

"ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸ் எங்க இருக்கார்? அவருக்குத்தான் முதல்ல அளவெடுக்கணும்" என்றார் சீலி.

"எந்த ஆம்ப்ரோஸ்?"

"பதக்கம் வாங்கப்போறவர்."

என் கையில் இருந்த அளவுநாடா அப்படியே நின்றது.

ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸ் யார் என்று இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். எங்கள் தபால்காரர் பதவி அவருடையது. பனாமாவில் கால்வாய் வெட்ட ஆள் எடுத்த காலத்தில், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மூன்று வாரம் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். எங்கள் சர்க்காரில் லீவு வேண்டுமென்றால் பதில் ஆளையும் நாமே தேடிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். புதுமாப்பிள்ளையாகச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த கத்பர்ட்டின் தோளில் பையை மாட்டி, "மூணே மூணு வாரம்டா, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளை சூட்டும் தங்கக் கடிகாரமுமாக ஒரு புகைப்படம் அனுப்பினார். அதற்கப்புறம் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அவர் ராஜினாமாவும் செய்யவில்லை, செத்துப்போனேன் என்று எழுதித் தெரிவிக்கவும் இல்லை. ஆகவே சர்க்கார் கணக்குப்படி அவர்தான் தபால்காரர். கத்பர்ட், தபால்காரர் (பொறுப்பு). ஊரில் அவரைக் கூப்பிடுவதே "பொறுப்பு" என்றுதான். அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் "சின்னப் பொறுப்பு", "குட்டிப் பொறுப்பு" என்று பெயர்.

"முப்பது வருஷம் மலை ஏறினது என் புருஷன். பதக்கம் அவனுக்கா?" என்றாள் அயோனா.

"அம்மா, பொறுப்புல இருக்கறவர் செய்யற நல்லதெல்லாம் பதவிக்கு உரியவர் செஞ்சதாத்தான் கருதப்படும். இதுதான் நிர்வாகம்."

"ஆத்துல பை நனைஞ்சப்போ மட்டும் அபராதம் என் பேர்ல போட்டீங்களே" என்றார் கத்பர்ட்.

"அது தவறு. தவறு செஞ்சது நீங்கதானே. அந்த ஒரு நாள் உங்களோடது. மத்ததெல்லாம் அவரோடது. அவர்மேல ஒரு சின்ன கறைகூட இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு நாள் அவர் லேட்டா வந்ததா கோப்புல இல்ல. அபூர்வமான மனுஷர்."

"அவன் வரவே இல்லையேய்யா. அப்புறம் எங்க லேட்டா வர்றது?" என்றாள் அயோனா.

சீலி கம்பளித் துண்டை ஒழுங்குபடுத்திக்கொண்டார். இது தன் மட்டத்தில் தீர்கிற விஷயம் இல்லை என்றும், தலைநகரில் வில்மாட் துரையைப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டு நழுவினார்.

மறுநாள் கத்பர்ட்டும் நானும் படகு பிடித்துப் போனோம். அவருக்குத் துணையாகப் போனேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டாலும், பாதி தைத்த கோட்டுகள் எனக்குக் கண்ணில் தெரிந்துகொண்டேதான் இருந்தன. விழா நின்றுபோனால் அந்த வெயிலில் கம்பளிக் கோட்டை யார் வாங்கிப்போவார்கள்?

வில்மாட் துரை அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கோப்பைப் பார்த்தார். கத்பர்ட்டைப் பார்க்கவில்லை. கோப்பிலேயே கத்பர்ட் இருக்கும்போது எதிரில் நிற்பவரை வேறு எதற்குப் பார்ப்பது என்ற எண்ணமாக இருக்கலாம்.

"என்ன வேணும்?"

"என்னை நிரந்தரமாக்கணும், துரை. ஒரே ஒரு நாளைக்கு ஆக்கினாக்கூடப் போதும். மறுநாள் ஓய்வு வாங்கிக்கறேன்."

"முடியாதே. நானே பொறுப்புதான். நிரந்தர அதிகாரி லீவுல ஊருக்குப் போயிருக்கார். பொறுப்புல இருக்கறவர் பொறுப்புல இருக்கறவரை நிரந்தரமாக்கினா, அது எவ்வளவு நாளைக்கு நிரந்தரமா இருக்கும்னு யார் பொறுப்பேத்துக்கறது?"

"கவர்னர் துரைகிட்ட கேட்டா?"

"அவரும் பொறுப்பு. நிஜக் கவர்னர் ஈரல் வைத்தியத்துக்கு இங்கிலாந்து போயிருக்கார்."

கத்பர்ட் முழங்காலை மாற்றி நின்றார். அது சத்தம் போட்டது. துரை ஜன்னல் பக்கம் திரும்பி, என்ன பறவை என்று தேடினார்.

"சரி, துரை. அந்த ஆம்ப்ரோஸ் விழாவுக்கு வரலைன்னா என்ன ஆகும்?"

"வரலைன்னா அவர் பதவியைக் கைவிட்டதா ஆயிடும். பதவி ரத்து. அவருக்குப் பதிலா இருக்கற நீங்களும் ரத்து."

"பென்ஷன்?"

"யாருக்கு? இல்லாத ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் எப்படி இருக்கமுடியும்?"

"முப்பது வருஷமா அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன், துரை" என்றார் கத்பர்ட்.

துரைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கோப்பை மூடினார். மூடிய கோப்புக்குள் கத்பர்ட்டும் போய்விட்டார் போலிருந்தது. நாங்கள் வெளியே வந்தோம்.

தாழ்வாரத்தில் அந்த மனுஷன் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோட்டுகளையெல்லாம் நான் ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன், சத்தியமாக. வேலையும் போய், ஓய்வும் இல்லாமல், அந்தக் காலோடு இவர் இனி எங்கே போவார்?

பின்னாலேயே சீலி வந்தார். அவர் கவலை வேறு.

"நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தாச்சு, டெய்லர். தங்க எழுத்து. 'ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸ் அவர்களுக்கு மேதகு கவர்னர் பதக்கம் அணிவித்தல்.' இதை மறுபடி அச்சடிக்க யார் உத்தரவு கொடுக்கறது? ஆம்ப்ரோஸ் வந்தே ஆகணும்."

"பனாமால போய்த் தேடறீங்களா?"

"எதுக்கு அவ்வளவு தூரம்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "துரை உள்ள இவர் முகத்தைப் பாத்தாரா?"

"கோப்பைத்தான் பாத்தார்."

"அப்ப கவலையே இல்ல. ஏழு கண்ணியமான ஊர்க்காரங்க 'இவர்தான் ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸ்'னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, சர்க்காருக்கு இவர்தான் ஆம்ப்ரோஸ்."

கத்பர்ட் தலைநிமிர்ந்தார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். "அது பொய்யில்லையா?"

"ஒருத்தர் சொன்னாத்தான் அது பொய். ஏழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டா அது சான்று."

வீட்டுக்கு வந்தும் கத்பர்ட் முடியாது என்றுதான் சொன்னார். அந்த ஓடிப்போனவன் பெயரைத் தன் தலையில் சுமக்கமாட்டாராம். அயோனா சுட்ட கறிப்பலாவைத் தட்டில் வைத்துக்கொண்டே ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"இத்தனை வருஷம் அவன் பேர்ல நடந்தல்ல? இனிமே அவன் பேர்ல உட்காரு."

சான்றில் முதல் கையெழுத்து என்னுடையது. மற்றவர்கள் தயங்கி நின்றபோது நான்தான் பேனாவைப் பிடுங்கிப் போட்டேன். இரண்டாவது பாதிரியார். மனசாட்சியோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டிவிட்டு, பரலோகத்தில் பெயரை மாற்றித்தான் கூப்பிடுவார்கள் என்று எங்களுக்கு விளக்கி, கையெழுத்தை மட்டும் யாராலும் படிக்கமுடியாதபடி போட்டார். மீதிப் பேர் கோட்டைப் போட்டுப் பார்க்கும் ஆசையில் போட்டார்கள்.

அந்த வாரம் ஊரே அவரை ஆம்ப்ரோஸ் என்று கூப்பிட்டுப் பழகியது. அவரோ ஆம்ப்ரோஸ் என்று காதருகே கத்தினாலும் திரும்பமாட்டார். "பொறுப்பு" என்று யாராவது தெருக்கோடியில் முணுமுணுத்தால் போதும், சட்டென்று நிற்பார். அயோனாதான் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தாள். ஆம்ப்ரோஸ் என்றதும் நிமிர்ந்தால் கருவாடு, இல்லையென்றால் வெறும் கஞ்சி. நாலாம் நாளே மனுஷன் தேறிவிட்டார்.

விழா நாளன்று பள்ளிக்கூட மைதானத்தில் பார்சன்ஸ் பே முழுவதும் கறுப்புக் கம்பளியில் நின்று வெந்தது. வாத்தியக்குழுவில் எக்காளம் ஊதுகிறவர் மன்னர் வாழ்த்தின் பாதியில் மயங்கி விழுந்தார். மயங்கினாலும் கோட்டைக் கழற்றவிடவில்லை. சீலி மட்டும் குடையோடு வந்திருந்தார். லண்டனில் அன்று மழையாம்.

பொறுப்புக் கவர்னர் நல்ல மனுஷர்தான். எழுதிக்கொடுத்ததை உணர்ச்சியோடு படித்தார். "இந்த ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸைப் பாருங்கள். வெளிநாட்டு ஆசை காட்டி எத்தனையோ பேரை இழுத்த காலத்தில், ஒரு நாள்கூடத் தன் ஊரைவிட்டு அகலாதவர். கடமையே கண்ணானவர்" என்று சொன்னபோது எங்களில் பலருக்கு இருமல் வந்தது. அயோனா காலுறை மாட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதக்கம் குத்தப்பட்டது. கத்பர்ட்டின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அது பதக்கத்துக்காக இல்லை, இனி மலை ஏறவேண்டாம் என்பதற்காக என்று எனக்குத் தெரியும்.

அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வில்மாட் துரைக்குத் திடீரென்று கடமை நினைவுக்கு வந்துவிட்டது.

"இவருக்குக் கீழே பொறுப்புல ஒருத்தர் உண்டே, அலெய்ன்னு. அவரைக் கூப்பிடுங்க. இனிமே பையை யார் தூக்கறதுன்னு பேசணும்."

பாதிரியார் வானத்தைப் பார்த்தார். கத்பர்ட், பாவம், "இதோ" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அயோனா அவர் காலை மிதித்தாள். யாராவது ஏதாவது சொல்லியாகவேண்டும். என் வாய் சும்மா இருக்குமா?

"அலெய்ன் அரூபாவுக்குப் போயிட்டாருங்க, துரை. எண்ணெய் ஆலையில வேலை கிடைச்சு."

அந்த வருஷங்களில் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள், அதனால் வாயில் வந்தது அதுதான்.

"லீவு எழுதிக் கொடுக்காமலா?"

"அவசரமாப் போனாருங்க."

கவர்னர் முகம் வாடிவிட்டது. "பாருங்கள். ஒரே வேலை, ஒரே மலை. ஒருவர் முப்பது வருஷம் நிலைத்து நின்றார். இன்னொருவர் சொல்லாமல் ஓடிவிட்டார். அலெய்ன் போன்றவர்களால்தான் இந்தத் தீவு முன்னேறவில்லை."

நாங்கள் கைதட்டினோம். கவர்னர் நிறுத்திவிட்டுப் பார்த்தால் வேறென்ன செய்வது? கத்பர்ட்டும் தட்டினார்.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டைப் பார்க்கவே நன்றாக இருந்தது. காலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் வீக்கம் வடிந்தது. அயோனா பாட்டுப் பாடிக்கொண்டு துணி அலசினாள். ஒரு குறைதான். ஊருக்குத் தபால் வரவில்லை. படகில் வந்த பைகள் அலுவலகத்தில் குவிந்தன. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் இறங்கிவந்து சத்தம் போட்டார்கள்.

அப்போதுதான் தலைநகரிலிருந்து ஓர் ஆள் நேரிலேயே ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். கத்பர்ட் அதை என் கடையில் வைத்துத்தான் பிரித்தார். அதில் எழுதியிருந்தது இது:

"பொறுப்புத் தபால்காரர் கத்பர்ட் அலெய்ன் கடமையைக் கைவிட்டு வெளிநாடு சென்றுவிட்டபடியால், தபால் விநியோகம் தடைப்பட்டுள்ளது. எனவே, அப்பணியில் ஒப்பற்ற அனுபவமும் களங்கமற்ற நடத்தையும் உடைய, ஓய்வுபெற்ற ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸ் அவர்களை, மேற்படி அலெய்ன் திரும்பி வரும்வரை அவருக்குப் பதிலாகப் பொறுப்பில் நியமிப்பதில் அரசு பெருமகிழ்ச்சி கொள்கிறது. பணியில் உள்ளவரை ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும். மறுத்தால் ரத்து செய்யப்படும்."

அவர் இரண்டு மூன்று தடவை படித்தார்.

"டெய்லர், இதுல என்ன சொல்றாங்க? எனக்குப் பதிலா நான் போகணுமா?"

"அப்படித்தான் தெரியுது."

"நான் திரும்பி வர்றவரைக்குமா?"

"ஆமா."

"நான் எப்போ வருவேன்?"

நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவனை செய்தேன்.

"அரூபான்னு சொன்ன வாய்தானே இது?" என்றாள் வாசலில் நின்ற அயோனா. "பக்கத்து ஊருக்கு மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருக்கார்னு சொல்லியிருந்தா, சாயந்திரம் வந்துட்டதா ஆயிருக்குமே."

மறுநாள் அவர் மறுபடியும் பையைத் தூக்கினார். மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் முன்னைவிட உரக்கக் கத்தியது. பதக்கத்தைக் கழற்றக்கூடாது என்று விதி இருந்ததால், அதுவும் சேர்ந்து நெஞ்சில் ஆடியது. ஒருநாள் சாயந்திரம் மலைப்பாதையில் விழுந்து, அந்தப் பக்கத்து ஆட்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். அயோனா அழவில்லை. கை உறையை மாட்டிக்கொண்டு தலைநகருக்குப் படகு ஏறினாள்.

அங்கே நடந்ததைச் சீலியே பிறகு என்னிடம் ரசித்துச் சொன்னார்.

"ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸுக்கு லீவு உண்டா?" என்று கேட்டாளாம்.

"உண்டாவா? கடைசியா லீவு எடுத்தது எந்தக் காலத்துலயோ. அத்தனையும் சேர்ந்து கிடக்கு."

"லீவுல இருக்கறவர் பணியில இல்லதானே?"

"இல்ல."

"அப்ப பென்ஷன் வரும்ல?"

சீலி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். இருபது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு அழகான கேள்வியை அவர் கேட்டதில்லை. விதிப்புத்தகத்தை இந்த அட்டையிலிருந்து அந்த அட்டைவரை பார்த்தார். வரும்.

"லீவு முடிஞ்சும் அவர் வரலைன்னா?"

"ராஜினாமா வரணும், இல்லன்னா மரணச் சேதி வரணும். ரெண்டும் வராதவரைக்கும் பொறுப்புல இருக்கறவர் தொடரவேண்டியதுதான். அதுல நமக்குப் பழைய முன்னுதாரணமே இருக்கே, அம்மா."

"சரி, எழுதுங்க. மூணு வாரம். சொந்தக் காரணம், வெளிநாடு."

"பதில் ஆள் யாரு? அதை நீங்கதானே கொடுக்கணும்."

அயோனா கொஞ்சம்கூட யோசிக்கவில்லையாம்.

அந்த உத்தரவு நாலே நாளில் என் கைக்கு வந்தது. எங்கள் தீவின் சரித்திரத்தில் வேறெந்த உத்தரவும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை. நான் அலறியடித்துக்கொண்டு சீலியிடம் ஓடினேன்.

"நான் தையல்காரன் ஐயா. உட்கார்ந்து வேலை செய்யற ஆள். என் அப்பா உட்கார்ந்தார், தாத்தா உட்கார்ந்தார். எனக்கு மலைன்னாலே மூச்சு வாங்கும்."

"சான்றுல முதல் கையெழுத்து உங்களோடது. பார்சன்ஸ் பேயில கண்ணியமானவர்னு சர்க்கார் ஏத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்."

"முடியாதுன்னு சொன்னா?"

"சொல்லலாம். அப்ப அந்தக் கையெழுத்து எப்படி வந்ததுன்னு மட்டும் ஒரு சின்ன விசாரணை வைக்கவேண்டியிருக்கும்." அவர் குடையை விரித்துக்கொண்டார். வெளியே நல்ல வெயில்.

மூன்று வாரம் என்றார்கள். அதற்கப்புறம் ஒரு பெரும்போர் தொடங்கி முடிந்துவிட்டது. வில்மாட் துரை போய் வேறு துரை வந்துவிட்டார், அவரும் பொறுப்பு. என் தையல் மெஷினில் கோழி அடைகாக்கிறது. நான் இப்போது, வெளிநாடு போன கத்பர்ட் அலெய்னுக்குப் பதிலாக இருந்து, பிறகு தானும் வெளிநாடு போன ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸுக்குப் பதிலாக, பார்சன்ஸ் பே தபால்காரர் (பொறுப்பு)க்கான பொறுப்பு. என்னை நிரந்தரமாக்கும்படி எழுதிக்கேட்டேன். முதலில் அந்த இரண்டு பேரும் வரட்டும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை எனக்கு நானே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டேன்.

மாதாமாதம் ஆம்ப்ரோஸ் கிட்டன்ஸ் பெயருக்கு ஓர் உறை வரும். அதை மட்டும் மலைக்குக் கொண்டுபோகவேண்டியதில்லை. கடற்கரையை ஒட்டி இருக்கும் அந்த வீட்டு முன்கூடத்தில், காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவர் கையில் கொடுத்துவிட்டால் போதும்.

போன வாரம் தலைநகரிலிருந்து ஒரு புது ஆய்வாளர் வந்தார். சின்னப் பையன், விறைப்பான காலர். தபால் ஏன் தாமதமாகிறது என்று பார்க்க என்கூடவே நடந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

"இந்தப் பெரியவர் யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

யார் என்று சொல்வது? அலெய்ன் அரூபாவில். ஆம்ப்ரோஸ் வெளிநாட்டில். இரண்டுக்கும் சர்க்கார் முத்திரை இருக்கிறது, இவர்தான் ஆம்ப்ரோஸ் என்பதற்கு என் கையெழுத்தும் இருக்கிறது.

"யாருமில்லைங்க. சும்மா உட்கார்ந்திருக்கறவர்" என்றேன்.

ஆய்வாளர் அவர் பக்கம் குனிந்து, "ஐயா, இந்த ஊர்ல தபாலெல்லாம் நேரத்துக்கு வருதா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

கத்பர்ட் நான் கொடுத்த உறையை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணாந்து வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கங்க வருது? ஆம்ப்ரோஸ்னு ஒருத்தர் இருந்தார். அவர் இருந்தவரைக்கும் ஒரு நாள் லேட் ஆனதில்ல. இப்போ வர்றவங்களுக்கெல்லாம் நடக்க உடம்பே வணங்கமாட்டேங்குது."